மந்தைவெளியில் திறந்த இல்லம்

1

மலேசியாவில், நம் ஈப்போவிலிருந்து இந்தப் பத்தியைப் படித்து எனக்குக் கடிதம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்பு. "இங்கேயே நமக்கு இத்தனை தடபுடல். உனக்கென்னம்மா, மெட்ராசில் இருக்கிறாய், அதுவும் மயிலாப்பூர் கோயிலுக்கு நடந்துபோகிற தூரத்தில். தீபாவளி எப்படி இருக்கும்!" என்று எழுதுகிறார்கள். கேள்விக்குள்ளிருந்து பொறாமை லேசாக எட்டிப்பார்க்கும். நானும் பதிலில் பட்சணத்தின் பெயர்களை வரிசையாக எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடுவேன். இந்த முறை எல்லாவற்றையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், காப்பி கலந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மந்தைவெளியில் தீபாவளி காலை ஒன்பது மணிக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. விடிவதற்கு முன்பே எண்ணெய்க் குளியல், ஓர் உருண்டை தீபாவளி மருந்து, புதுத்துணி, வாசலில் சரவெடி. தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம் பரவிக் கிடக்கும். அப்புறம் தட்டுகள் கிளம்பும். தட்டில் நாலு முறுக்கு, இரண்டு லட்டு, மேலே கைவேலை செய்த துணி மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். தட்டு போகும், தட்டு வரும். கூடவே பெரியவர்கள் யாரும் வரமாட்டார்கள். கடைசித் தட்டும் திரும்பியதும் எல்லா வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். உள்ளே டிவியில் சிறப்பு நிகழ்ச்சி ஓடும். ஒரே சிரிப்புச் சத்தம் எட்டு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்கும்.

நம் ஊரில் எப்படி? அம்மா வீட்டுக் கதவைக் காலையில் திறந்தால் படுக்கப் போகும்வரை சாத்துவதில்லை. வாசல் நிறையச் செருப்பு. எதிர்வீட்டுச் சீன அம்மா பிள்ளைகளோடு வந்து முறுக்கை ஒரு கை பார்ப்பாள். என் பள்ளிக்கூடத்து மலாய் டீச்சர் வருவார். அப்பாவோடு வேலை செய்தவர்கள் வருவார்கள், யாரென்றே தெரியாதவர்கள்கூட வந்து சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் கையில் காசு வைத்த அங்பாவ் உறையைத் திணித்துவிட்டுப் போவார்கள். அம்மா அடுப்படியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து "உக்காருங்க லா, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவார். வெளியே மழை நின்று, மலைகளுக்கு மேல் மேகம் இறங்கி, சாயங்காலமா காலையா என்று தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கும். வாசல் சுவரில் வரிசையாக எண்ணெய் விளக்கு எரியும். இப்போதும் கண்ணை மூடினால் எனக்கு முதலில் தெரிவது அந்த வெளிச்சம்தான்.

மந்தைவெளிக்கு வந்த முதல் தீபாவளிக்கு நான் நாற்பது பேருக்குச் சமைத்தேன். ஆட்டுக்கறிப் பிரட்டல் மட்டும் ஒரு குண்டான். அதை நாங்கள் மூன்று பேரும் எத்தனை நாள் சாப்பிட்டோம் என்று கேட்காதீர்கள்.

2

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சந்திரன் இந்த மந்தைவெளியில் பிறந்தவர். ஈப்போவில் ஓர் அச்சகத்துக்கு வேலைக்கு வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு அவருடைய சிநேகிதர், ராயப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற பிரஸ் ஒன்றில் கூட்டுச் சேர வரும்படி கூப்பிட்டார். பிறந்த ஊர் ஆசை யாரை விட்டது? எங்கள் மகள் மலருக்கு அப்போது ஒன்பது வயது.

கிளம்பும்போதே எங்களுக்குள் ஒரு பேச்சு. நாலு தீபாவளி பார்ப்பது. அதற்குள் இந்த ஊர் எனக்கு ஒட்டவில்லை என்றால் திரும்பிவிடுவது. ஈப்போ அச்சக முதலாளி அதுவரை இவருக்கு வேலையை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். "முடிவு உன்னோடதுதான் தேவி, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றார் இவர். சொன்னபடியே ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பெரிய தொல்லை. சண்டை போடவாவது ஆள் வேண்டாமா?

இந்த வருஷம் நாலாவது. முதலாளியும் கேட்டு எழுதிவிட்டார். தீபாவளிக்கு மறுநாள் போன் செய்வதாக இவர் பதில் போட்டிருந்தார்.

ஒட்டவில்லை என்று யாரைக் குறை சொல்வது? இந்தக் குடியிருப்பில் எட்டு வீடு. ஒருவர்கூட என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. மாடிப்படியில் பார்த்தால் வாய் நிறையச் சிரிப்பார்கள். மலேசியா மாமி என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். தண்ணீர் லாரி வந்தால் எனக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பார்கள். ஆனால் ஒருவர்கூட என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. "உள்ள வாங்க" என்றால் "இருக்கட்டும், இன்னொரு நாள் சாவகாசமா வரேன்" என்று வாசற்படியிலேயே நின்று அரைமணி நேரம் பேசுவார்கள். ஈப்போவில் அம்மா கொடுத்தனுப்பிய பூத்தையல் உறை போட்ட என் நாற்காலிகளில் உட்கார்ந்த ஒரே அந்நியர் கேபிள் டிவிக்காரர்.

வருஷத்துக்கு ஒருமுறை நான் தங்குவதற்கு அனுமதியை நீட்டிக்க ஓர் அலுவலகத்துக்குப் போகிறேன். மேசைக்குப் பின்னால் இருப்பவர் என் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார். "நல்லாத் தமிழ் பேசறீங்களேம்மா, அப்புறம் இன்னா ஃபாரினர்?" என்பார். "ஈப்போ" என்றால் "அது சரி, சொந்த ஊரு எது?" என்பார். "அதுதாங்க சொந்த ஊர்." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பாவம் இந்தப் பெண் என்பதுபோல் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் கெட்ட எண்ணமே இல்லை. ஆனாலும் திரும்பிவரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இந்த ஊருக்கு நான் யார் என்று யோசித்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பேச்சிலும் அப்படித்தான். முதல் தீபாவளியன்று கீழ்வீட்டு வத்சலா மாமி மாடிப்படியில் பார்த்து, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டார். நான் "இல்லைங்க, அந்தப் பக்கமே போனதில்லை" என்றேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்பதற்கு இங்கே அப்படிக் கேட்பார்கள் என்று யார் கண்டது? மாமி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சிரிக்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். காலையில் நான் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரு நொடி நின்று யோசிக்கிறார்கள்.

மலர் அப்படியில்லை. அவளுக்குப் பதின்மூன்று ஆகிறது. மயிலாப்பூர் தோழிகளோடு "எங்காத்துல", "வந்துண்டு" என்று பேசுவாள், தண்ணீர் லாரிக்காரரிடம் "இன்னா நைனா, எங்களுக்கு இல்லியா?" என்பாள். இரண்டும் அவள் வாயில் அழகாகத்தான் இருக்கின்றன. தோழிகள் முன்னால் நான் ஒரு "லா" போட்டுவிட்டால் மட்டும் அவள் முகம் சுருங்கிவிடும். பிறந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் "இங்கதான், மந்தைவெளி" என்று சொல்கிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

3

ஐப்பசி மழை ஆரம்பித்த ஒரு மத்தியானம், துணி உலர்த்துகிற கொடியை வராந்தாவுக்குள் கட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது. கடைசியாக ஒரு தடவை அம்மா செய்கிற மாதிரியே செய்து பார்ப்போம். கதவைத் திறந்து வைப்போம். யாராவது வந்து உட்கார்ந்தால் இருப்போம், இல்லாவிட்டால் கிளம்புவோம். இதை வாய்விட்டுச் சொன்னேன். சந்திரன் வழக்கம்போல "உன் இஷ்டம்" என்றார். மலர், "ஒரே ஒரு தடவை எல்லாரையும் மாதிரி இருக்கலாமேம்மா" என்றாள்.

இனி வருவது உங்கள் வீட்டுக்கும் உதவும், குறித்துக்கொள்ளுங்கள். அலங்காரம் என்றால் நிறையச் செலவு செய்யவேண்டும் என்று யார் சொன்னது? பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை வெட்டியபின் தங்கநிற அட்டைத் துண்டுகள் மூட்டை மூட்டையாக விழும். ஒரு சாக்கு கொண்டுவரச் சொன்னேன். விரல் நீளத்துக்கு வெட்டி, வளையமாக ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, வாசலிலிருந்து ஹால் கோடிவரை தொங்கவிட்டேன். காற்றடித்தால் சன்னமாக உரசிக்கொள்ளும். கிழிந்த பட்டுப் புடவையின் நல்ல பாகத்தை ஜன்னலுக்குத் திரையாகத் தைத்தேன். மஞ்சளும் அரக்குமாக வெயில் உள்ளே இறங்கியபோது இந்த வீட்டை அதுவரை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

நம் ஊர்ப் பேரங்காடிகளில் சாயமேற்றிய அரிசியில் கோலம் போடுவார்களே, அதுவும் செய்தேன். அரிசிக் கடையில் குருணை மலிவு. கேசரிக்குப் போடுகிற பொடிகளைக் கரைத்து அதில் பிசறி, நிழலில் உலர்த்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு எல்லாம் கிடைத்துவிடும். ஹால் நடுவில் ஒரு மயில் வரைந்தேன். தோகை மட்டும் என் உயரம். 

அகல் விளக்குதான் அலைக்கழித்துவிட்டது. தமிழ்நாட்டுத் தீபாவளிக்கு விளக்கு கிடையாது தெரியுமா? பட்டாசுதான். விளக்கு கார்த்திகைக்கு. கோயிலைச் சுற்றி மாட வீதி முழுக்கத் தேடினேன். "அதுக்கு இன்னும் நாள் கீதும்மா" என்று சொல்லிக்கொண்டே ஒரு பூக்கார அம்மா, தன் வீட்டில் போன வருஷத்து மிச்சம் இருந்ததை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார்.

பரிசுக்கு டி. நகர் போனேன். வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். வெற்றிலை பாக்கோடு ஏதாவது ஒரு சின்னப் பொருள், பெரும்பாலும் பிளாஸ்டிக் டப்பா. எனக்கு டப்பா பிடிக்கவில்லை. தையற்காரரிடம் வாங்கிய ஜாக்கெட் துண்டுகளில் சுருக்குப் பைகள் தைத்திருந்தேன். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நசுங்கி, ஒவ்வொரு பையின் நிறத்துக்கும் பொருத்தமாகக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வீதம் வாங்கிப் போட்டேன். நிறம் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது. நிறத்தை மட்டும்தான் பார்த்தேன்.

கடைசியில் அழைப்பிதழ். தங்க அட்டையில் பேனாவால் எழுதினேன். "திறந்த இல்லம். தீபாவளியன்று காலை பத்து முதல் இரவு எட்டு வரை எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், சாப்பிடுங்கள்." ஏழு வீட்டுக் கதவுக்கடியிலும் ஒவ்வொன்றாகச் சொருகிவிட்டு வந்தேன். மனசுக்குள் ஏதோ பறந்துகொண்டிருந்தது.

4

நாலு நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் வத்சலா மாமி மாடியேறி வந்தார். கையில் என் அட்டை. வாசற்படியிலேயே நின்றார்.

"ஏம்மா, இது நீ போட்டதா? கதவுக்கடியில கெடந்தது. ஹிந்தி டியூஷன் நோட்டீஸ்னு நெனச்சு எங்காத்து மாமா இதுல பால் கணக்கு எழுதிட்டார். நான் எதேச்சையா இன்னிக்குத் திருப்பிப் பார்த்தேன்."

"உங்களைக் கூப்பிட்டிருக்கேன் மாமி."

"இப்படியா கூப்பிடுவா? ஆத்துக்கு வந்து, குங்குமத்தைக் குடுத்து, உக்காந்து ரெண்டு வார்த்தை பேசிக் கூப்பிட வேண்டாமோ? அதுவும் 'எப்போது வேண்டுமானாலும்'னு எழுதியிருக்கே. எப்ப வேணா வாங்கோன்னா என்ன அர்த்தம்? வராதேன்னு நாசூக்காச் சொல்றது. நாங்க ஆளை வழியனுப்பறச்சே சொல்றது அது."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. நம் அம்மாக்கள் ஆயுசுக்கும் சொன்ன வார்த்தை. அதைச் சொல்லித்தான் ஊரையே வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு ஏழு வீட்டுக்கும் போனேன். ஏழு வீட்டிலும் உட்காரவைத்தார்கள். ஏழு காப்பி. மேல்வீட்டு ஜரீனாவின் வாசலில் மணியடித்த பிறகுதான் கையில் குங்குமம் இருப்பது உறைத்தது. மாட வீதிப் பக்கம் அவள் வீட்டுக்காரருக்கு வளையல் கடை. மூன்று தலைமுறையாக இந்தப் பக்கத்துக்காரர்கள். நான் சிமிழை முந்தானைக்குள் மறைப்பதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். "இன்னாக்கா ஒளிக்கிறீங்க? உள்ளார வாங்க" என்று இழுத்துக்கொண்டுபோய், என் மணிக்கட்டில் அத்தர் தடவிவிட்டாள். அன்று முழுக்க என் கை ரோஜா மணத்தது.

"கண்டிப்பா வரோம்" என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சந்திரனிடம் "எல்லாரும் வர்றாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், சொல்லாமல் விட்ட நாலு வருஷப் பேச்சும் இருந்தது.

5

தீபாவளியன்று விடியும்போதே மழை. பட்டாசுக்காரர்கள் வாடிப்போனார்கள். ஒன்பது மணிக்குத் தட்டுகள் வந்தன, போயின. பத்து மணிக்கு நான் கதவை அகலத் திறந்து வைத்தேன். அகல்களை வராந்தாச் சுவரோரம் வரிசையாக ஏற்றினேன். மழை இருட்டில் அவை நன்றாகவே எரிந்தன.

இந்த முறை எல்லாம் சைவம். தேங்காய்ப் பால் சாதம், வறுத்த நிலக்கடலை, வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு வைத்து மடித்துப் பொரித்த கறிபாப் ஒரு கூடை. மேசைமேல் வாழையிலையை நீளவாக்கில் விரித்து அதன்மேல் அடுக்கினேன். மேசை விரிப்பு வாங்கவேண்டாம், பாருங்கள்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. எட்டு வீட்டில் ஏழில் டிவி சிரித்துக்கொண்டிருந்தது. நான் எண்ணெய் ஊற்றுகிற சாக்கில் வராந்தாவுக்குப் போய்ப் போய்த் திரும்பினேன். இரண்டு மணிக்குச் சந்திரன், "நாம சாப்பிடலாமா?" என்றார். "நீங்க சாப்பிடுங்க" என்றேன். அவரும் சாப்பிடவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து மயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைத்தூக்கமோ என்னமோ, வாசலில் செருப்புகள் சேர்வதுபோலவும், சீன அம்மா முறுக்கைக் கடிப்பதுபோலவும், அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதுபோலவும் இருந்தது. கண்ணைத் திறந்தால் தங்க வளையங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மணி நாலு. சரி, முடிந்தது என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. பெட்டிகளில் எதை முதலில் கட்டுவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மலர் அவள் அறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். எத்தனை நேரமாக என்று தெரியவில்லை.

"அம்மா, நீ என்னன்னு சொல்லிக் கூப்பிட்டே?"

"சாப்பிட வாங்கன்னுதான்."

"அதான். நல்ல நாள் அதுவுமா இன்னொருத்தர் வீட்டுக்குச் சாப்பிடப் போனா, அவா வீட்டுல ஒண்ணும் பண்ணலையோன்னு ஆயிடும். யாரும் வரமாட்டா. பாக்க வாங்கோன்னு சொல்லணும்மா. கொலுவுக்கு எப்படி எல்லார் வீட்டுக்கும் எல்லாரும் போறா? பொம்மை பாக்கத்தானே? சுண்டலுக்குன்னு சொன்னா ஒருத்தர் வருவாளா?"

சொல்லிவிட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். நான் மாடிப்படித் திருப்பத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமி வீட்டுக் கதவு திறக்கிற சத்தம்.

"மாமி, எங்காத்துல அம்மா அரிசியில மயில் போட்டிருக்கா. வந்து பாருங்கோ."

"அரிசியிலயா? அதென்னடி வழக்கம்?"

"எங்க ஊர்ல அப்படித்தான் மாமி. நாங்க ஈப்போ. அங்க தீபாவளிக்கு விளக்குகூட ஏத்துவோம்."

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நாலு வருஷத்தில் அவள் அந்தப் பெயரை வெளியே சொல்லி நான் கேட்டதில்லை. அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அடுப்படிக்கு ஓடினேன்.

மாமி முதலில் வந்தார், மாமாவையும் இழுத்துக்கொண்டு. மயிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "என்ன அழகு! குருணையா? நானும் எங்க ஸ்கூல்ல போடச் சொல்றேன்" என்றார். விளக்கைப் பார்த்து, "கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கு" என்றும் சொன்னார், சொல்லாவிட்டால் அவர் மாமியே இல்லை. மலர் அதற்குள் மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டாள். எதிர்வீட்டுப் புதுத் தம்பதி, கோடிவீட்டுச் சகோதரிகள், பிள்ளைகள், ஜரீனாவும் அவள் மகள் நஸ்ரினும். என் வாசலில் செருப்பு சேர ஆரம்பித்தது. பார்க்க வந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களிடம் தட்டை நீட்டினால் யார் வேண்டாம் என்பார்கள்? மாமி கறிபாபை உற்றுப் பார்த்து, "உள்ள உருளைக்கிழங்குதானே? வேற ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டு ஒன்று எடுத்தார். அப்புறம் கேட்காமலே ஒன்று எடுத்தார்.

கிளம்பும் நேரத்தில் சுருக்குப் பைகளைக் கொடுத்தேன். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. கோடிவீட்டு அக்கா பையைப் பிரித்து வளையலைப் போட்டுப் பார்த்தார், விரல் முட்டியைத் தாண்டவில்லை. மாமிக்கு வந்தது முழங்கைவரை ஏறிற்று. "எல்லாம் கலர் பாத்து வாங்கினீங்களாக்கா? கை பாத்து வாங்கணும்" என்று ஜரீனா தலையிலடித்துக்கொண்டாள். "நம்ம கடை இருக்கச்சொல்லோ டி. நகருக்கா போனீங்க?" என்று கோபித்தும் கொண்டாள். பிறகு பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "கொட்டுங்க எல்லாத்தையும்" என்றாள்.

எல்லாப் பைகளையும் கவிழ்த்தோம். பாய் நிறையக் கண்ணாடி வளையல். பெண்கள் சுற்றி உட்கார்ந்து எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். "இந்தப் பச்சை எனக்குப் பத்தலை, உங்களுக்குப் பாருங்கோ." "சோப்புத் தண்ணி கொண்டா மலர்." "வலிக்குதுக்கா மெதுவா." கிளம்பியவர்கள் கிளம்பவே இல்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்து, முட்டியை அமுக்கி, வளையலை ஏற்றி, இரவு சாப்பாடும் என் வீட்டிலேயே ஆயிற்று. தேங்காய்ப் பால் சாதம் ஒரு பருக்கை மிச்சமில்லை. ஆண்கள் வராந்தாவில் அகல் விளக்குகளுக்குப் பக்கத்தில் நின்று எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். மழைச் சத்தமும் வளையல் சத்தமும் கலந்து கேட்டுக்கொண்டிருந்தது. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

6

ஆனால் ஒரு நாள் கூத்தை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்க முடியுமா? மறுநாள் காலையில் எழுந்தபோது அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. பார்க்க வந்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள். இனி அடுத்த தீபாவளிவரை மாடிப்படிச் சிரிப்புதானோ? சந்திரன் சட்டை மாட்டிக்கொண்டு, ஈப்போவுக்குப் பேச ஐ.எஸ்.டி. பூத்துக்குக் கிளம்பி நின்றார். முதல் முறையாக வாயைத் திறந்து, "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

நான் குனிந்து மயிலிலிருந்து சிதறிய குருணையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது ஜரீனா வந்தாள். வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, ஹாலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணால் அளந்தாள்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம நஸ்ரினைப் பொண்ணு பாக்க வாணியம்பாடிலேர்ந்து வர்றாங்க. பன்னெண்டு பேரு. எங்க ஹாலுல பாதி வளையல் பெட்டி அடுக்கிக் கீது, மூணு பேரு உக்கார முடியாது. அதான் உங்க வூட்ல வெச்சிக்கிறோம்னு அவங்களுக்குச் சொல்லி அனுப்பிட்டோம்."

"சொல்லி அனுப்பிட்டீங்களா?"

"ஆமாக்கா. நேத்து இங்கேருந்து போனதும் அவரு போன் பண்ணிட்டாரு."

"என்னைக் கேக்கவே இல்லையே ஜரீனா."

அவள் உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். "உங்களை இன்னாத்துக்குக்கா கேக்கணும்?" என்றாள். "அந்த ஜிகினா வளையமெல்லாம் கழட்டிடாதீங்க, அப்டியே இருக்கட்டும், அழகாக் கீது. பட்டுத் திரையும் வேணும். மயிலை மட்டும் கொஞ்சம் ஓரம் கட்டணும், பிரியாணி அண்டா வைக்க இடம் பத்தாது. அவங்க வர்றச்சே நீங்கதான் வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லணும். நஸ்ரினுக்குப் பெரியம்மா மாதிரின்னு சொல்லி வெச்சிக்கீறோம்."

நாற்காலியில் ஒன்றை நகர்த்திப் பார்த்து, அதை அங்கேயே விட்டுவிட்டு, "அடுப்புல பால் கீது" என்று ஓடிப்போனாள்.

சந்திரன் இன்னும் சட்டைப் பொத்தானில் கைவைத்தபடி நின்றிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்க" என்றேன்.

"கேட்டேன். அது ஞாயித்துக்கிழமை. அதுக்கப்புறம்?"

"பொண்ணைப் பிடிச்சுப்போச்சுன்னா கல்யாணம். அப்புறம் மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கணும். நஸ்ரினுக்கு நான் பெரியம்மாவாம். நான் எப்படிங்க வர முடியும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, படியில் ஏதோ முனகிப் பாடியபடி இறங்கிப்போனார். நான் துடைப்பத்தை எடுத்துவந்து, அண்டாவுக்கு எவ்வளவு இடம் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, மயிலின் தோகையை ஒரு பக்கத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தேன்.